முன்கையில் ஒரு நாரை

ஹாலோவே
ஆகஸ்ட் 11, 1996, ஞாயிறு

ரெட்டா,

பஸ் ஐந்து மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. விடுதியில் என் மாடிக்கு இன்னும் யாரும் வரவில்லை. நீண்ட நடையில் நான் ஒருத்தி நடந்தால், என் செருப்புச் சத்தம் எனக்கு முன்னால் போய் ஒவ்வொரு கதவிலும் நின்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

வகுப்பு தொடங்க இன்னும் இரண்டு வாரம். முன்கூட்டி வந்த காரணத்தைக் கிளம்பும்போது உன்னிடம் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். நீ சிரிப்பாய் என்று பயம். இப்போது நீ தூரத்தில் இருப்பதால் சொல்கிறேன். நான் சகோதரிச் சங்கத்தில் சேர முயற்சி செய்யப் போகிறேன்.

கல்லூரித் தெருவில் பன்னிரண்டு வீடுகள். வெள்ளைத் தூண்கள், வாசலுக்கு மேலே மூன்று கிரேக்க எழுத்துகள். ஒவ்வொரு வீடும் ஒரு சங்கம், அறுபது பெண்கள். புதிதாக வருகிறவர்கள் ஒரு வாரம் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். முதலில் பன்னிரண்டு. அவர்கள் உட்கார்ந்து பேசி ஓட்டுப் போட்டு, மறுநாள் காலை எந்த வீடெல்லாம் உன்னை மறுபடி கூப்பிடுகிறது என்று ஒரு தாள் கொடுப்பார்கள். நாளுக்கு நாள் குறைந்து கடைசியில் ஒரே வீடு. அந்த வீட்டுக்கு நீ சாகும்வரை சகோதரி.

இது எனக்கு எதற்கு என்று கேட்பாய். அப்பாவின் தூண்டில் இரைக் கடைக்கு மேலே, அந்தச் சின்ன அறையில், பதினெட்டு வருஷம் நான் தனியாகத்தான் தூங்கியிருக்கிறேன். நேற்று சாயங்காலம் அந்தத் தெருவில் நடந்தேன். கடைசி வீட்டின் மாடியில் மூன்று பக்கமும் ஜன்னல் வைத்த ஒரு கூடம். ஜன்னல் திரைகள் எல்லாம் ஒன்றாக உள்ளே போயின, ஒன்றாக வெளியே வந்தன. வீடு தூங்கிக்கொண்டே மூச்சு விடுவது போல. எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று எனக்கே தெரியாது.

சேர வந்தவர்களை இன்று குழுக்களாகப் பிரித்தார்கள். எங்கள் குழுவுக்கு வழிகாட்ட ஒரு மூத்த மாணவி. என்றைக்கு என்ன உடுத்த வேண்டும் என்று தாள் கொடுத்துக்கொண்டே வந்தவள் என்னிடம் வந்ததும் நின்றாள்.

"கையில என்ன, மை கொட்டிடுச்சா?"

"பச்சை குத்தினது. நாரை."

"கழுவினா போகாதா?"

"போகாது."

"அதுக்குன்னு ரூல் எதுவும் இல்ல," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "முழுக்கை டிரஸ் ஏதாவது வச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

கோபித்துக்கொள்ளாதே ரெட்டா. மேலே எதையாவது பூசினால் மறையுமா? தோல் கெட்டுப்போகுமா? இதை உன்னிடம் கேட்பது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் வேறு யாருக்குத் தெரியும்?

டெல்ஃபின்

---

பாஸ் லிஸெட்
ஆகஸ்ட் 14

டெல்,

உன் லெட்டர் ரெண்டு தடவ படிச்சேன். முதல் தடவ படிச்ச உடனே பதில் எழுதியிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்.

ஜூன் மாசம் என்ன நடந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் சொல்றேன். நான் பூட்ரோவோட பச்சை குத்தற கடையில வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு. ஆரஞ்சுத் தோல்லயும் பன்னித் தோல்லயும் குத்திக் குத்திக் கை பழகிடுச்சு. ஆனா உசுரோட இருக்கற ஒரு ஆளும் எனக்குக் கை குடுக்கல. இறால் படகுக்காரங்க உள்ள வருவாங்க, என்னைப் பார்ப்பாங்க, "பூட்ரோ எப்ப வருவாரு?"ம்பாங்க. நீ வந்த. நாற்காலில உக்காந்து கைய நீட்டின. "தோள்ல போடறேன், வெளிய தெரியாது"ன்னு நான்தான் சொன்னேன். "எனக்குத் தெரியற மாதிரி போடு"ன்னு நீதான் சொன்ன. நான் போட்ட நாரைக்குக் கழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனா அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஆள் வந்தாங்க.

இப்ப அது மை கொட்டின மாதிரி இருக்காமா. சரி.

கேட்டதுக்குப் பதில். நேரா கிரீம் பூசினா நீலம் சாம்பலா மேல வந்து நிக்கும். முதல்ல ஆரஞ்சு கலந்த சிவப்பு லிப்ஸ்டிக், மெலிசா. அது நீலத்தைக் கொன்னுடும். அதுக்கு மேல உன் தோல் நிறத்துல கிரீம், விரலால தட்டித் தட்டி, தேய்க்காத. அப்புறம் பவுடர். கடைசியா முடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே, ரெண்டு தடவ. கல்யாணத்துக்கு முன்னாடி வர்ற பொண்ணுங்களுக்கு பூட்ரோ இதைத்தான் சொல்லுவாரு. மூணு மணி நேரம் தாங்கும். வேர்த்தா தாங்காது.

ஒரு வாரம் மறைச்சுடலாம். உள்ள போனப்புறம் என்ன பண்ணுவ? அங்க குளிக்க மாட்டியா?

ரெட்டா

---

ஹாலோவே
ஆகஸ்ட் 18, ஞாயிறு

ரெட்டா,

உன் கடிதம் சனிக்கிழமை மத்தியானம்தான் வந்தது. வெள்ளிக்கிழமையே முதல் சுற்று முடிந்துவிட்டது.

முக்கால் கை வைத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஒரு வீட்டின் முன் வரிசையாக நிற்போம், கதவு திறக்கும், அறுபது பெண்கள் கைதட்டிப் பாடுவார்கள். இருபது நிமிஷம் பேச்சு. மணி அடிக்கும். வெளியே வெயில். மறுபடி ஒரு கதவு, மறுபடி பாட்டு. ஆறாவது வீட்டுக்குப் பிறகு எனக்கு எல்லாமே ஒரே வீடு மாதிரித் தெரிந்தது, ஒரே பெண் வேறு வேறு முகத்தை மாட்டிக்கொண்டு வருவது போல. ஐஸ் டீயை எடுக்கக் கையை நீட்டுவேன். சட்டை மேலே ஏறும். எதிரில் இருப்பவளின் கண் கீழே போகும், பிறகு என் தோளைத் தாண்டி எங்கேயோ போகும். சிரிப்பு மட்டும் மாறாது.

சனிக்கிழமை காலைத் தாளில் ஐந்து வீடுகள். என் பக்கத்து அறைப் பெண்ணுக்குப் பதினொன்று. கைதான் காரணமா? "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டவர்களிடம் "மீன் பிடிக்கிறவங்களுக்கு இரை விக்கறாரு" என்று சொன்னேனே, அதுவா? என் செருப்பா? யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை.

மத்தியானம் நீ எழுதியபடியே செய்தேன். சிவப்பு, கிரீம், பவுடர், ஸ்ப்ரே. நாரை மெல்ல மெல்லப் பனிக்குள் போவது போலப் போய்விட்டது. அந்த இடத்தில் யாருடைய கையோ இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐந்தில் கடைசி வீடும் ஒன்று. அங்கே ஹாலிஸ் என்று மூன்றாம் வருஷப் பெண், அகலத் தோள், உரத்த சிரிப்பு. வீட்டைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு அவளுக்கு. நான் கேட்காமலே அந்த மாடிக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். இரண்டடுக்குக் கட்டில்கள் வரிசை வரிசையாக, வெள்ளை விரிப்பு, தலைக்கு மேலே மூன்று பெரிய மின்விசிறி. அறைகளில் துணியும் புத்தகமும் மட்டும்தானாம். தூங்குவதெல்லாம் இங்கே, எல்லாரும் ஒன்றாக. பேசக் கூடாது, விளக்குப் போடக் கூடாது. மத்தியானத்திலும் யாராவது நாலு பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அப்போதும் தூங்கினார்கள். ஒருத்தியின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"முதல் வாரம் தூக்கம் வராது," என்று ஹாலிஸ் காதருகில் சொன்னாள். "அப்புறம் வேற எங்கயும் வராது."

தொலைவிலிருந்து வருகிற ஏழெட்டுப் புதுப்பெண்களுக்கு முதல் வருஷமே அங்கே படுக்கை உண்டாம். ரெட்டா, எனக்கு அந்த வீட்டின் பெயர் வேண்டாம், எழுத்துகள் வேண்டாம். அந்தக் கூடத்தில் ஒரு கட்டில் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் நெருங்கிய தோழி யார் என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். அவள் என்ன செய்கிறாள் என்றாள். "நியூ ஆர்லியன்ஸில் ஓவியம் படிக்கிறாள்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

டெல்ஃபின்

---

பாஸ் லிஸெட்
ஆகஸ்ட் 21

டெல்,

நான் ஓவியம் படிக்கல. நியூ ஆர்லியன்ஸ்ல இல்ல. இன்னைக்குக் காலைல ஒரு படகுக்காரர் முதுகுல அவர் சம்சாரம் பேரைப் போட்டேன், மூணு மணி நேரம். ரத்தத்தை ஒத்தி எடுத்தேன், ஊசியக் கொதிக்க வச்சேன், தரையக் கழுவினேன். அவர் கண்ணாடில திரும்பித் திரும்பிப் பார்த்தாரு. அப்புறம் என் கையப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனாரு. இதுதான் நான் பண்றது.

பறவைய மறைக்கச் சொல்லிக் குடுத்தேன். என்னை மறைக்கச் சொல்லிக் குடுக்கல.

கொஞ்ச நாளைக்கு எழுதாத.

ரெட்டா

---

ஹாலோவே
ஆகஸ்ட் 24, சனி

ரெட்டா,

எழுதாதே என்றாய். நேற்று காலை உன் கடிதமும், மத்தியானம் அந்த வீட்டின் அழைப்பு அட்டையும் வந்தன. ஒன்றைச் சொல்லாமல் இன்னொன்றைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

வியாழக்கிழமை கடைசிச் சுற்று. இரண்டே வீடு மிச்சம். வெள்ளை உடையில் போக வேண்டும். கடைசி வீட்டில் திரையெல்லாம் இழுத்துவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். எண்பது பேர், அசையாத காற்று. ஹாலிஸ் எனக்கு எதிரே உட்கார்ந்து தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி என் மடியைப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் ஆரஞ்சாக ஒரு கோடு இறங்கியிருந்தது. காயம் பட்டது போல.

என்னை எழுப்பிச் சமையலறைக்குப் பின்னால் சாமான் அறைக்குக் கூட்டிப்போனாள். துண்டை நனைத்துக் கையைப் பிடித்துத் துடைத்தாள். நாரை வெளியே வந்தது.

"யார் போட்டது?"

"என் ஃப்ரெண்ட்."

"ஓவியம் படிக்கிறவளா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"இங்க பாரு," என்றாள். "இதுக்கு ரூல் கிடையாது. ஆனா இன்னும் ஒரு மணி நேரத்துல உக்காந்து பேசுவோம். டார்ல்டன் அம்மாவும் இருப்பாங்க, பழைய உறுப்பினர், எங்களுக்கு ஆலோசகர். இதைப் பார்த்தேன்னு சொன்னா பேச்சு உன் கையப் பத்தியே போயிடும். உன்னைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. நான் பார்த்தேன்னு சொல்லணுமா, பார்க்கலன்னு சொல்லணுமா? நீயே சொல்லு."

மேலே யாரோ நடந்தார்கள், பலகை முனகியது. அந்தக் கூடம் சரியாக எங்கள் தலைக்கு மேலே.

"பார்க்கலன்னு சொல்லிடு," என்றேன்.

இப்போது நான் அந்த வீட்டுப் பெண். மூன்று மாதம் பயிற்சிக் காலம், டிசம்பரில் முழு உறுப்பினர் ஆவேன். வடக்கு ஜன்னல் ஓரம், கீழ்க் கட்டில் எனக்கு. முழுக்கைச் சட்டையோடு தூங்குகிறேன், கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு. ஹாலிஸ் சொன்னது பாதி உண்மை. தூக்கம் வந்தது, முதல் நாளே.

நீ பதில் போடாவிட்டாலும் எழுதுவேன்.

டெல்ஃபின்

---

பாஸ் லிஸெட்
செப்டம்பர் 15

டெல்,

மூணு லெட்டர் போட்டுட்ட. மூணாவதுல வெறும் மழையப் பத்தித்தான் எழுதியிருந்த. அப்ப புரிஞ்சுது நீ நிஜமாவே சங்கடத்துல இருக்கேன்னு. ஒண்ணும் இல்லாதப்ப நீ மழையப் பத்தி எழுத மாட்ட.

நேத்து உங்க அப்பாவப் பார்த்தேன். கடைல வர்றவன் போறவன் கிட்ட எல்லாம், "என் பொண்ணு பெரிய வீட்ல இருக்கா, அறுபது அக்கா தங்கச்சி"ன்னு சொல்லிட்டிருக்காரு. ஒருத்தன் "அத்தனை பேருக்கும் யாரு சீர் செய்யறது?"ன்னான். அவரே முதல்ல சிரிச்சாரு.

சரி விடு. நீ சேர்ந்ததுல எனக்கு சந்தோஷமான்னு கேட்டா தெரியல. நீ நல்லா தூங்கறேன்னு கேட்டா சந்தோஷம். அக்டோபர் ஆறாம் தேதி ஞாயித்துக்கிழம கடை லீவு. காலைல முதல் பஸ்ஸுல வந்து சாயங்காலம் திரும்பிடுவேன். விருந்தாளியக் கூட்டிட்டு வரலாம்னு எழுதியிருந்தியே. புது டிரஸ் ஒண்ணு எடுத்திருக்கேன். மஞ்சள், கையில்லாதது. கேலி பண்ணாத.

ரெட்டா

---

பாஸ் லிஸெட்
அக்டோபர் 8, செவ்வாய்

டெல்,

பஸ்ஸுலயே எழுத ஆரம்பிச்சேன். எழுத்து ஆடுச்சு, கிழிச்சுப் போட்டுட்டேன். இது ரெண்டாவது.

நீ ஸ்டாண்டுல நின்னுட்டிருந்த. ஓடி வந்து கட்டிப்பிடிச்ச. என் ரெண்டு கையையும் பார்த்த, தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும். நீ போனப்புறம் நிறையப் பச்சை சேர்ந்திருக்கு, எனக்குத் தெரியும். "அழகா இருக்கு"ன்ன. அப்புறம் பைக்குள்ள இருந்து ஸ்வெட்டர் எடுத்த. இளநீலம், துவைச்சு மடிச்சது. "உள்ள ஏசி ஜாஸ்தி, உனக்குக் குளிரும்"ன்ன.

நான் போட்டுக்கிட்டேன். கழுத்து வரைக்கும் பட்டன் போட்டு விட்டது நீதான்.

அந்த வீட்ல ஏசியே இல்ல டெல். ஃபேன்தான் ஓடிச்சு.

சாப்பாடு நல்லா இருந்துச்சு. கோழி, பீன்ஸ், அந்தப் பஞ்சு மாதிரி பன்னு. பொண்ணுங்க நல்லாத்தான் பேசினாங்க. எனக்கு எதிர்ல அந்த டார்ல்டன் அம்மா. வேர்வை முதுகுல ஓடுது, நான் சிரிச்சுட்டு உக்காந்திருக்கேன். "நீ என்னம்மா பண்ற?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீ சொல்லிட்ட. "ஓவியம் படிக்கிறா." எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நீயும் பார்த்த. நான் "ஆமாங்க மேடம்"னேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு வழி பூரா யோசிச்சேன். நீ பார்த்த பார்வைதான். தண்ணில மூழ்கறவங்க பார்க்கற மாதிரி பார்த்த.

சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் மேல போனோம். அதைப் பத்தி இப்ப எழுத முடியல.

ஸ்வெட்டரத் துவைச்சு தனி பார்சல்ல அனுப்பியிருக்கேன். உன் கைய நீ என்ன வேணா பண்ணிக்க, அது உன்னோடது. என் கை என்னோடது.

ரெட்டா

---

ஹாலோவே
அக்டோபர் 30, புதன்

ரெட்டா,

மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒன்றும் செய்யாமல் மன்னிப்பு மட்டும் கேட்டு எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுத ஒன்று இருக்கிறது.

திங்கட்கிழமைதோறும் வீட்டில் கூட்டம் நடக்கும். பதினான்காம் தேதிக் கூட்டத்தில், வேறு ஏதாவது உண்டா என்று கேட்டபோது எழுந்தேன். சட்டைக் கையைச் சுருட்டினேன். சேர்வதற்கு முன்பே இது இருந்தது, மறைத்துவிட்டேன் என்று சொன்னேன். ஹாலிஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"யார் போட்டது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"முந்தின ஞாயித்துக்கிழம நம்மகூட சாப்பிட்டாளே, அவதான்."

"ஓவியம் படிக்கிற பொண்ணா?"

"படிக்கல. பச்சை குத்தற கடையில வேலை செய்யறா. பொய் சொன்னது நான். அவ ஸ்வெட்டர் போட்டிருந்ததும் என்னாலதான்."

யாரும் கத்தவில்லை. அந்த வீட்டில் யாரும் கத்த மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்து முடிவெடுப்பதாகச் சொன்னார்கள். அந்த இரண்டு வாரம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது. எல்லாரும் இருந்தார்கள், சத்தம் மட்டும் தூரத்திலிருந்து வந்தது. இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஒருத்தி குளியலறையில் கதவைத் தாழிட்டுவிட்டு, பாவாடையைக் கொஞ்சம் இறக்கி இடுப்பில் ஒரு சின்னப் பொன்வண்டைக் காட்டினாள். "யார்கிட்டயும் சொல்லிடாத," என்று போய்விட்டாள். டார்ல்டன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கெட்டவர் இல்லை ரெட்டா. "விதிப் புத்தகத்துல இதைப் பத்தி ஒரு வரிகூட இல்லம்மா, அதான் கஷ்டம்," என்றார். "இருந்திருந்தா நீ மீறிட்டேன்னு சொல்லி முடிச்சிருப்பேன்."

நேற்று முன்தினம் ஓட்டெடுத்தார்கள். முப்பத்தெட்டுப் பேர் நான் இருக்கலாம் என்றார்கள், பத்தொன்பது பேர் வேண்டாம் என்றார்கள். நான் இருக்கலாம். டார்ல்டன் அம்மா நிபந்தனைகளை வாசித்தார்.

"போட்டோ எடுக்கும்போதும் விழாவிலயும் கைய மறைச்சுக்கணும்."

"சரிங்க மேடம்."

"அடுத்த ஆகஸ்ட்ல புதுப்பொண்ணுங்க வரும்போதும்."

"சரிங்க மேடம்."

உன்னிடம் மறைக்கவில்லை ரெட்டா, இரண்டுக்கும் நான் சரி என்றேன். உடனே சொன்னேன். இன்னும் பத்து நிபந்தனை அப்படிச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

"அப்புறம் விருந்தாளிங்க," என்றார். "இந்த வீட்டுக்கு வர்றவங்களும் அதே மாதிரி பார்த்துக்கணும். கூட்டிட்டு வர்றவதான் அதுக்குப் பொறுப்பு."

"அது மட்டும் முடியாது மேடம்."

"பெரிய விஷயம் ஒண்ணும் இல்லையேம்மா. ஒரு ஸ்வெட்டர்தானே."

"ஒரு ஸ்வெட்டர்தான்," என்றேன். "அதான் என்னால முடியல."

நேற்று பெட்டியைக் கட்டினேன். விடுதி வரை ஹாலிஸ் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"நீ ஒரு முட்டாள்," என்றாள். "சரின்னு சொல்லிட்டு அவளைக் கூப்பிடாமலே இருந்திருக்கலாம். யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"அதுக்குத்தான் பயந்தேன்," என்றேன்.

அவள் மறுபடி பெட்டியைத் தூக்கினாள்.

நான் தைரியசாலி என்று நினைக்காதே. இதை எழுதும்போதுகூட அந்தக் கூடம்தான் கண்ணில் நிற்கிறது. இங்கே அறைத்தோழி ஒருத்தி, ஒரே ஒருத்தியின் மூச்சு. கண்ணை மூடினால் திரைகள் உள்ளே வருகின்றன, வெளியே போகின்றன. நான் அதை இழந்துவிட்டேன். சரியானதைத்தான் செய்தேன், ஆனாலும் அது எனக்கு வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீ எழுதவில்லை என்றாலும் புரிந்துகொள்வேன்.

டெல்ஃபின்

---

பாஸ் லிஸெட்
நவம்பர் 4, திங்கள்

டெல்,

உங்க அப்பாகிட்ட இன்னும் சொல்லலன்னு நினைக்கிறேன். நான் சொல்லல. நீயே வந்து சொல்லு. அவர் அறுபது பொண்ணு போச்சேன்னு கொஞ்ச நேரம் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு இருப்பாரு, அப்புறம் சீர் மிச்சம்பாரு.

ஹாலிஸ் சொன்னது சரிதான், நீ முட்டாள்தான். ஆனா நான் உன்னை மெச்சி எழுத உக்காரல. அன்னைக்கு எழுத முடியலன்னு விட்டேனே, அதை எழுதணும்.

மேல போனோம்ல. ஞாயித்துக்கிழம சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் ஒரு மணி நேரம் தூங்கற வழக்கம்னு நீ சொன்ன. பக்கத்துக் கட்டில்காரி ஊருக்குப் போயிருந்தா, அவ படுக்கைய எனக்குக் குடுத்த. எனக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சுட்டிருந்துச்சு. ஸ்வெட்டரோட மல்லாக்கப் படுத்து, நாலு மணி பஸ்ஸுல ஏறினா உன்னைத் தலைமுழுகிடணும்னு நினைச்சேன். எப்படி எழுதணும்னு வார்த்தையெல்லாம் கோத்துட்டிருந்தேன்.

அப்ப சுத்தி ஒவ்வொருத்தியா தூங்க ஆரம்பிச்சாங்க. மூச்சு கேக்குது டெல். ஒண்ணு, ரெண்டு, பத்து. மழை தூரத்துல இருந்து தண்ணி மேல நடந்து வர்ற மாதிரி. திரை வந்து என் காலைத் தொட்டுச்சு, போச்சு, தொட்டுச்சு. கோத்து வச்சிருந்த வார்த்தையெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. நான் தூங்கிட்டேன். உனக்குத் தெரியும்ல, எங்க வீட்ல நாலு தம்பிங்க, அம்மா நைட் ஷிஃப்ட், நான் என்னைக்கும் ஒரு காதைத் திறந்து வச்சுட்டுத்தான் தூங்குவேன். அன்னைக்கு ரெண்டு காதும் மூடிச்சு. அப்படி ஒரு தூக்கம் என் வாழ்க்கைல தூங்கினதில்ல.

எழுந்தப்ப எங்க இருக்கேன்னு தெரியல. ஸ்வெட்டர் நனைஞ்சு ஒட்டியிருந்துச்சு. நீ பக்கத்துக் கட்டில்ல என்னையே பார்த்துட்டிருந்த. அந்த ஒரு நிமிஷம், நீ சொன்ன பொய் அத்தனையும் நானும் சொல்லியிருப்பேன்னு தோணுச்சு. இதுக்காகன்னா சொல்லியிருப்பேன். அது தெரிஞ்சப்புறம்தான் கோபம் ஜாஸ்தியாச்சு. திரும்பி வரும்போது பஸ்ஸுல அழுதேன், அதுக்குத்தான், நீ பண்ணினதுக்கு இல்ல.

அதனால அது வேணும்னு இருக்கறதுக்கு வெக்கப்படாத. எனக்கும்தான் இருக்கு.

போன வாரம் வீட்டை விட்டு வந்துட்டேன். கடைக்கு மேல ஒரு அறை, பூட்ரோ சும்மா போட்டு வச்சிருந்தாரு. ஜன்னல் ஒண்ணுதான், ஆனா கடலைப் பார்த்து இருக்கு. ரெண்டு கட்டில் போட்டிருக்கேன். விரிப்பு வெள்ளையில்ல, வெள்ளை வாங்கினா மை பட்டுடும்.

இந்த மாசக் கடைசில நன்றித் திருநாள் லீவுக்கு நீ வர்ற பஸ் ரெண்டு மணிக்குத்தான் வரும். அன்னைக்குக் கடை கிடையாது, நான் மத்தியானமே படுத்துடுவேன். கதவைச் சாத்தி மட்டும் வச்சிருப்பேன். தட்டி எழுப்பாத. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து பக்கத்துல படுத்துக்க.

ரெட்டா